கோபி பாலைவனத்தில் மேய்ப்பர் குடும்பத்தோடு 4 இரவு: திட்டத்தைக் கொஞ்சம் பாருங்களேன்

பொட்டல்காடு (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. செப்டம்பர் முதல் வாரம் மங்கோலியா, தென்கோபி மாகாணம். மூன்று பேர், அதில் ஒருவர் சுத்த சைவம். உலான்பாத்தரிலிருந்து தாலன்ஸாத்காத் வரை பஸ். அங்கிருந்து வண்டி பிடித்து ஹோங்கோரின் எல்ஸ் மணல்மேடு. அதற்குப் பக்கத்தில் ஒரு மேய்ப்பர் குடும்பத்தோடு 4 இரவு, நடுவில் 2 நாள் ஒட்டகப் பயணம். சுற்றுலாக் கூடார முகாம் வேண்டாம். வேலை வாங்கினாலும் சரி, நிஜக் குடும்பமாக இருக்க வேண்டும்.

தண்ணீர், சாப்பாடு, ஒட்டகம், வீட்டு ஒழுங்கு, என்ன கொண்டுபோவது என்று எல்லாவற்றிலும் குழப்பம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிடைக்காரர்

முதலில் தேதி. செப்டம்பர் வானிலைக்கு நல்ல மாதம்தான். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கொசுவும் கிடையாது. ஆனால் செப்டம்பர் 1 அன்று அங்கே பள்ளி திறக்கிறது. மேய்ப்பர் பிள்ளைகள் சோம் மையத்துக்குப் போய்விடுவார்கள். (சோம் என்பது நம் வட்டம் மாதிரி.) சிலர் விடுதியில் தங்குவார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் தாயும் கூடவே போய்க் குடியிருப்பாள். அப்புறம் கூடாரத்தில் மிஞ்சுவது குடும்பத்தலைவரும் தாத்தா பாட்டியும்தான். பால் வேலை, சமையல் எல்லாம் பெண்கள் கையில் இருப்பதால், நீங்கள் பார்க்க நினைப்பதில் பாதி காணாமல் போகலாம். பேசி முடிக்கும்போதே "வீட்டில் யார் யார் இருப்பார்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரமாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மற்ற மாதங்களையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். ஏப்ரல், மே என்றால் வெள்ளாட்டுக்குச் சீப்புப் போடும் காலம். ஆட்டைக் கிடத்திக் காலைக் கட்டி, பல் வளைந்த கம்பிச் சீப்பால் கழுத்திலிருந்து வயிறு நோக்கி இழுப்பார்கள். முதலில் மேல்முடியில் உள்ள சருகும் மண்ணும் வரும், பிறகுதான் அடியில் இருக்கும் மென்மயிர். ஒரு ஆட்டுக்குக் கால் கிலோவுக்கு முன்னே பின்னேதான் கிடைக்கும். அதுதான் காஷ்மீர் கம்பளி. ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில் வருவதால் விருந்தாளியைக் கவனிக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது, ஆனால் உதவிக்குக் கை தேவைப்படும். அதே மாதங்களில்தான் மண்புயலும். ஜூலை வெயில் 35ஐத் தாண்டும். ஜூலை 11 முதல் நாதாம் திருவிழா, வண்டி கிடைப்பதே பாடு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பொலி ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கும் காலம். வாயில் நுரை தள்ளும், யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

அடுத்து இடம். "மணல்மேட்டுக்குப் பக்கத்தில் குடும்பம்" என்று வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள். புல்லும் தண்ணீரும் இருக்கும் பக்கம் அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கல்லால் பட்டி கட்டிய குளிர்கால இடம் மட்டும்தான் நிலையானது. ஜூலையில் கொடுத்த ஜிபிஎஸ் எண்ணை நம்பி செப்டம்பரில் போனால் அங்கே வட்டமாக அழுந்திய மண்ணும் புழுக்கையும்தான் இருக்கும். ஓட்டுநர் கடைசிக் கிணற்றில் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார். அதற்கு அரை நாள் விடுங்கள். மணல்மேட்டுக்கு மிக அருகில் இருப்பவர்களில் பலர் கோடை முழுக்கச் சுற்றுலாவுக்கென்றே கூடுதல் கூடாரம் போட்டவர்கள். குறை சொல்லவில்லை, நீங்கள் கேட்டது அதுவல்ல என்பதற்காகச் சொல்கிறேன். செவ்ரேய், பயன்தலாய் சோம்களில் மேட்டிலிருந்து 30, 40 கிலோமீட்டர் விலகிக் கேளுங்கள்.

வடகாற்று

போக்குவரத்து என் பங்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், டிக்கெட் போடும் முன் அதை முடியுங்கள். 2021இல் திறந்த புது விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இறங்கிய அன்றே தெற்கே பஸ் பிடிப்பது ஓட்டமும் நடையுமாகிவிடும், ஒரு இரவு நகரத்தில் தங்குங்கள்.

தாலன்ஸாத்காத் ஏறக்குறைய 550 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை, பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். அங்கிருந்து ஹோங்கோரின் எல்ஸ் 180 முதல் 200 கிலோமீட்டர், எந்தத் தடத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மண்தடத்தில் சராசரி 30, 40 கிலோமீட்டர் வேகம்தான், அதனால் அதுவும் ஒரு பகல். ஏடிஎம், மருந்துக்கடை, பெரிய மளிகைக்கடை எல்லாம் தாலன்ஸாத்காத்தோடு சரி. மங்கோலியப் பணமான துக்ரிக்கை அங்கேயே சின்ன நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்றால் பழைய ரஷ்ய ஃபுர்கோன் வேனோ, ஜப்பான் ஜீப்போ வரும். ஃபுர்கோன் குடலைக் குலுக்கும். ஆனால் எங்கே உடைந்தாலும் ஓட்டுநரே படுத்துச் சரிசெய்துவிடுவார். ஏறுமுன் எண்ணிப் பாருங்கள்: மாற்றுச் சக்கரம் இரண்டு, காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, இழுவைக் கயிறு, தனிக் கேனில் பெட்ரோல், 20 லிட்டர் தண்ணீர். மணலில் புதைவதற்குக் காரணம் பெரும்பாலும் சக்கரத்தில் காற்று அதிகமாக இருப்பதுதான். 18 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் டயர் அகன்று மேலே மிதக்கும். கல்தடத்துக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கவாட்டு கிழியும்.

மணலைவிட மோசமானது களிமண் தரவை. மழை பெய்து இரண்டு நாள் ஆகி, மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் கூழ். வண்டி அச்சுவரை இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். "சுற்றிப் போவோம்" என்று ஓட்டுநர் சொன்னால் வாதம் செய்யாதீர்கள். வறண்ட ஓடையில் கூடாரம் அடிக்கவும் வேண்டாம். மழை 20 கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்தாலும் வெள்ளம் உங்களிடம் வரும்.

சீன எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு எல்லைக் காவல் படையின் அனுமதிச்சீட்டு தேவை. உங்கள் வழிக்கு வேண்டியிருக்காது, ஆனால் "இன்னும் தெற்கே போகலாமா" என்று அங்கே போய் ஆசைப்பட்டால் சிக்கல்.

பொட்டல்காடு

ஆகஸ்ட் 24க்கு மாற்றப் பார்க்கிறேன். தண்ணீர் பற்றி? வடிகட்டும் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறோம். கிணற்று நீரை வடிகட்டிக் குடிக்கலாம்தானே?

மறிக்குட்டி

வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. கோபிக் கிணறுகள் பல உவர். கொதிக்கவைத்தாலும் அந்த உப்பு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் கூடும். புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டாம் நாளே வயிறு இளகுவதற்குக் கிருமியைவிட இந்த உப்புத்தான் அடிக்கடி காரணம். எனவே குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் கணக்கில் தாலன்ஸாத்காத்திலேயே கேன் வாங்குங்கள். 3 பேர், 5 நாள், 60 லிட்டர். கூட ஒரு 20 லிட்டர் கேன் அந்தக் குடும்பத்துக்கென்று. கொண்டுபோகும் பரிசுகளில் இதற்கு இணை கிடையாது. குளியலை மறந்துவிடுங்கள், ஈரத்துடைப்பான் போதும்.

கிணற்றடி வேலை கிடைத்தால் விடாதீர்கள், அங்கேதான் கணக்குப் புரியும். தாகமெடுத்த ஒட்டகம் ஒரே நிற்பில் நூறு லிட்டருக்குக் கிட்டக் குடிக்கும். வாளி 10 லிட்டர் என்றால் ஒரு ஒட்டகத்துக்கு 10 வாளி, 20 ஒட்டகத்துக்கு 200 வாளி. பழைய டயர் ரப்பரில் தைத்த வாளியைத்தான் அங்கே வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் வாளி நீர்மேல் மிதந்து கவிழ மறுக்கும், கல்சுவரில் இரண்டு இடி பட்டால் விரிசல் விடும். ரப்பர் சுருங்கி மூழ்கிவிடும். ஆடுகள் வரும் பக்கம் நிற்காதீர்கள். புது ஆளைக் கண்டு முன்வரிசை தயங்கினால் பின்வரிசை தள்ளி, சின்ன மறிகள் தொட்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவே நசுங்கும்.

உடல்நலம்: பச்சைப்பால் வேண்டாம், அங்கே கால்நடைகளில் புருசெல்லா நோய் உண்டு. தேநீரில் பால் கொதித்துத்தான் வரும், பயமில்லை. ஒட்டகப் பாலைப் புளிக்கவைத்த ஹோர்மோக் காய்ச்சாதது. மரியாதைக்கு உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். கடித்தபின் போட வேண்டிய ஊசிக்கு ஒரு நாள் பயணம் செய்ய வேண்டியிருக்கும். தர்பகா என்னும் மர்மோட்டை (வளையில் வாழும் பெரிய அணில் இனம்) தொடவே கூடாது, பிளேக் அதிலிருந்துதான் வருகிறது. ஆம்புலன்ஸ் எண் 103, ஆனால் சிக்னல் உள்ள குன்றைத் தேடித்தான் அழைக்க வேண்டும். ஹெலிகாப்டர் வரை செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பருப்புப்பொடி

சைவ நண்பருக்கு என் அனுதாபங்கள் 😀 ஆனால் சமாளிக்கலாம்.

அந்த வீட்டில் ஒரே அடுப்பு, அதில் ஒரே பெரிய இரும்புச் சட்டி. காலையில் தேநீர், மதியம் கறி, இரவு கறி போட்ட மாவுப்பட்டை, எல்லாம் அதே சட்டியில்தான். "எங்களுக்குத் தனியாகச் செய்யுங்கள்" என்றால் அவர்களுக்கு விளங்காது. விளங்கினாலும் கறியை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருவார்கள், கொழுப்பு அதிலேயே இருக்கும். எனவே சொந்தச் சின்ன அடுப்பு, திருகும் எரிவாயுக் குடுவை. குடுவையை விமானத்தில் ஏற்ற முடியாது, உலான்பாத்தரில் மலையேற்றக் கடைகளில் வாங்குங்கள். சமையலைக் கூடாரத்துக்கு வெளியே, காற்று மறைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதி 1,500 மீட்டரை ஒட்டிய உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகவே வேகாது. வறுத்த பாசிப்பருப்பு கொண்டுபோங்கள், கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய்ச் சின்ன புட்டி. 5 நாளுக்கு ஆளுக்கு ஒரு கிலோ அரிசி, அரைக் கிலோ பருப்பு, அரைக் கிலோ அவல் தாராளம்.

அவர்கள் தருவதில் சைவர் சாப்பிடக்கூடியவையும் உண்டு: ஊரும் (கெட்டியான பாலேடு, ரொட்டிமேல் தடவினால் வெண்ணெயைத் தூக்கிச் சாப்பிடும்), ஆருல் (புளித்த பாலை வடித்துக் கூரைமேல் காயவைத்த கட்டி, பல்லுக்குச் சவால், கடிக்காமல் வாயில் அடக்கி வையுங்கள்), ப்யஸ்லக் என்னும் சீஸ் (பாலைத் தயிர் விட்டுத் திரிப்பதுதான் வழக்கம்). போர்ட்சோக் என்னும் பொரித்த மாவுத்துண்டில் கவனம். ஆட்டுக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். தேநீரில் உப்புத்தான் போடுவார்கள், சர்க்கரை இல்லை. அதைத் தேநீராக நினைத்துக் குடித்தால் குமட்டும். மெல்லிய கஞ்சியாக நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும்.

கிடைக்காரர்

பருப்புப்பொடி சொன்னதோடு ஒரு இடத்தில் உடன்படவில்லை. முதல் நாள் முதல் வேளையே தனி அடுப்பு மூட்டுவது தவறு. கொடுத்த தேநீரையும் ஊருமையும் முதலில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் உங்கள் பருப்புச்சோற்றை அவர்களுக்கும் ஒரு கிண்ணம் நீட்டுங்கள். அதற்குப் பிறகு உங்கள் அடுப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காரத்தை மட்டும் குறையுங்கள், மிளகாய் அவர்களுக்குப் பழக்கமில்லை.

பருப்புப்பொடி

@கிடைக்காரர் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ரசப்பொடியைத் தொடவே வேண்டாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீவகத்தான்

தம்பி, வீட்டு ஒழுங்கு பற்றி ஒருவரும் எழுதேல்ல. நான் சொல்லுறன்.

கெர் கூடாரத்தின்ர வாசல் எப்பவும் தெற்குப் பார்த்துத்தான் இருக்கும். உள்ளுக்குப் போனால் இடப்பக்கம், அதாவது மேற்கு, விருந்தாளிக்கும் ஆம்பிளையளுக்கும். வலப்பக்கம் அடுப்புச் சாமான், பெண்களின்ர இடம். வாசலுக்கு நேர் எதிர், வடக்கு, பெரியவை இருக்கிற இடம், சாமிப்படமும் அங்கதான். இருக்கச் சொல்லாமல் அங்க போய்க் குந்தாதேங்கோ. நிலைப்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் வர வேணும். நடுவில நிக்கிற ரெண்டு தூணுக்கும் இடையால நடக்கிறதும் சாமான் நீட்டுறதும் கூடாது. அடுப்புக்குள்ள குப்பை, கடதாசி, தண்ணி ஒண்டும் போடாதேங்கோ. நெருப்பு அவைக்குத் தெய்வம் மாதிரி. காலை அடுப்புப் பக்கம் நீட்டவும் வேண்டாம். எதையும் வலக்கையால வாங்கி, இடக்கையை வலது முழங்கையில தாங்குங்கோ. சட்டைக் கையை மடிச்சிருந்தால் இறக்கிவிடுங்கோ. தெரியாமல் ஆரின்ர காலையாவது மிதிச்சால் உடனே கை குடுக்க வேணும், அதோட சரி.

கூடாரத்துக்குக் கிட்டப் போகேக்க வண்டியால இறங்காமல் "நோஹோய் ஹோர்!" எண்டு கூப்பிடுங்கோ. "நாயைப் பிடி" எண்டு அர்த்தம். நாய் இல்லாட்டியும் அதுதான் வணக்கம் மாதிரி.

இன்னொண்டு. வழி கேக்கேக்க பலர் ஏமாறுற இடம் இது. மங்கோலிய மொழியில "பாருன்" எண்டால் வலது, மேற்கு ரெண்டும்தான். "ஸூன்" எண்டால் இடது, கிழக்கு. "ஓம்னோ" எண்டால் முன்னுக்கு, தெற்கு. ஆள் தெற்குப் பார்த்து நிக்கிறதாத்தான் கணக்கு, வாசல் மாதிரியே. நீங்கள் வடக்குப் பார்த்து நிண்டுகொண்டு "பாருன்" எண்டதும் வலப்பக்கம் திரும்பினால் நேர் எதிர்த்திசையில போவியள். கையால காட்டச் சொல்லுங்கோ.

பொட்டல்காடு

இது எந்த வழிகாட்டியிலும் கண்ணில் படவில்லை, நன்றி அண்ணா. ஒட்டகப் பயணம் 2 நாள் தாங்குமா? பணம் யாரிடம், எப்படிக் கொடுப்பது?

மறிக்குட்டி

அங்கே இருப்பது இரட்டைத் திமில் ஒட்டகம். இரண்டு திமிலுக்கும் நடுவே உட்காருவதால் ராஜஸ்தான் ஒட்டகத்தைவிடப் பிடிமானம் அதிகம். இடப்பக்கமாக ஏறுங்கள். எழும்போது பின்னங்கால் முதலில் எழும், உங்களை முன்னால் தள்ளும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் முன்னால்தான் தள்ளும். இரண்டு தடவையும் உடலைப் பின்னால் சாயுங்கள். மூக்கணையில் கட்டிய கயிறு மெல்லியது, அதைப் பிடிமானமாக நினைத்து இழுத்தால் மூக்கு கிழியும். படபடக்கும் மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பை எதுவும் மேலே வேண்டாம். மிரண்டால் ஒட்டகம் குதிரையைவிட மோசம். வேகம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர், ஒரு நாளில் 20 கிலோமீட்டர் போதும். தொடையின் உட்பக்கம் தோல் உரியும், தையல் இல்லாத உள்ளாடை போடுங்கள்.

இன்னொரு விஷயம்: கோடையில் ஒட்டகங்களை மேயவிட்டுத் திமில் ஏற்றுவார்கள், வேலை வாங்க மனசு வராது. வெகுதூரம் போயிருக்கும், தேடிப் பிடித்து வரவே ஒரு நாள் ஆகலாம். எனவே 2 நாளுக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அரைநாள் போதும் என்று விட்டுவிடுங்கள். திமில் துவண்டு சாய்ந்து கிடக்கும் ஒட்டகத்தைக் கொண்டுவந்தால் ஏறாதீர்கள்.

பால் கறப்பதைக் கட்டாயம் பாருங்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் விலக்கித் தாயின் மூக்குக்கு எதிரிலேயே நிறுத்துவார்கள். கறப்பவர் நின்றபடி, ஒரு காலைத் தூக்கி மடித்து, அந்தத் தொடைமேல் வாளியை வைத்து இரண்டு கையாலும் கறப்பார். கன்று கண்ணிலிருந்து மறைந்தால் சுரப்பு நின்றுவிடும். அதனால் படம் எடுக்கிறேன் என்று தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். கன்றை ஒதுக்கும் தாய் ஒட்டகத்தைப் பாட்டுப் பாடி இளகவைக்கும் சடங்கும் அங்கே உண்டு. 2015இல் யுனெஸ்கோ அதை அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது கன்று ஈனும் வசந்த காலத்துக் காரியம், தேவைப்பட்டால்தான் நடக்கும். காசு கொடுத்து நடத்தச் சொல்லாதீர்கள்.

வடகாற்று

பணம்: ஏற்பாட்டாளர் வழியாகப் போனால் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். தங்குவதற்கும் ஒட்டகத்துக்கும் தனித்தனித் தொகை. கிளம்பும் காலை, வீட்டுப் பெண்மணியிடம், கவரில் வைத்து, இரண்டு கையாலும். எண்ணிக் காட்ட வேண்டாம்.

பரிசு: ஓட்கா வேண்டாம், அங்கே குடியால் கெட்ட குடும்பங்கள் நிறைய. ஆப்பிள், வெங்காயம், முட்டைக்கோஸ், 5 கிலோ மாவு, தலைவிளக்கு, பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும். எடுத்த படத்தை அங்கேயே அச்சடிக்கும் சின்னக் கருவி இருந்தால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

மின்சாரம்: அரசுத் திட்டத்தில் 2000க்குப் பிறகு மேய்ப்பர்களுக்குச் சூரியத்தகடு பரவலாகக் கிடைத்தது. விளக்கு, டிவி, போன் வரை ஓடும். உங்கள் கேமராவை ராத்திரி முழுக்கச் செருகி வைத்தால் அவர்கள் பேட்டரி இறங்கிவிடும், சொந்தப் பவர்பேங்க் இரண்டு கொண்டுபோங்கள்.

கிடைக்காரர்

கூடாரத்துக்குள் கூரை வளையத்திலிருந்து ஒரு கயிறு இறங்கி, கூரைக்கழியில் சுருட்டிச் செருகியிருக்கும். அதில் துணி காயப்போடாதீர்கள், தொங்காதீர்கள். பெயர் சக்தக். பலத்த காற்று கிளம்பினால் அதை அவிழ்த்துப் பாறாங்கல்லிலோ மாவு மூட்டையிலோ கட்டுவார்கள். அதுவும் போதாவிட்டால் ஆட்களே பிடித்துத் தொங்குவார்கள். கெர் ஆணியடித்து ஊன்றிய கூடாரம் அல்ல, காற்று அடியில் புகுந்தால் மொத்தமாக எழும்பும். புயல் வந்தால் உங்கள் வேலை மூன்று: சுவரடியில் ஃபெல்ட் கம்பளியை மண் போட்டு அடைக்க உதவுவது, சொன்னால் அந்தக் கயிற்றைப் பிடிப்பது, கதவைச் சும்மா திறக்காமல் இருப்பது. மேய்ச்சலில் மாட்டிக்கொண்டால் நடக்கக் கூடாது, ஒட்டகத்தின் காற்று மறைவில் உட்கார வேண்டும். 2021 மார்ச் புயலில் இறந்தவர்களில் வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட மேய்ப்பர்களும் உண்டு. அந்த மண்ணை அறிந்தவர்களுக்கே அப்படி.

அடுப்புக்குச் சாணமும் புழுக்கையும் பொறுக்கும் வேலை உங்களுக்கு வரும். காய்ந்து வெளுத்து, உதைத்தால் ஓசை வருவதை மட்டும் எடுங்கள். கருத்திருப்பது புகையும். ஸக் மரத்துக் கட்டையை உங்களுக்காக எரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மணலைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் புதர்க்காடுதான், வளர்வதோ ஆமை வேகம்.

பொட்டல்காடு

எல்லாருக்கும் நன்றி. ஆகஸ்ட் 24 உறுதி, ஒட்டகம் அரைநாள், தண்ணீர் 80 லிட்டர். ஒரே ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இரவில் வெளியே போக வேண்டுமென்றால் அந்த நாய்?

தீவகத்தான்

கூச்சப்படாதேங்கோ, எல்லாரும் கேக்கிறதுதான். வந்த அண்டைக்கே வீட்டுக்காரரோட சேர்ந்து நாய்க்குக் கிட்ட ஒருக்கால் நடந்து போங்கோ, மணம் பிடிச்சிட்டால் பிறகு குரைக்காது. ராவில டார்ச்சை நிலத்துக்குப் பிடிச்சு, ஏதாவது கதைச்சுக்கொண்டே மெதுவா நடவுங்கோ, ஓடக் கூடாது. கூடாரத்துக்கு வடக்கையும் போகாதேங்கோ, ஆடு படுத்திருக்கிற பக்கமும் போகாதேங்கோ. ஓநாய் எண்டு நினைச்சு நாய் பாயிறது அங்கதான்.